குப்பை மேட்டுக்குப் போகும் மரம் கொல்லைக்கு வரட்டும்

(வீட்டுத் தோட்டம் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ஜார்ஜ்டவுனைச் சேர்ந்த பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசியவர்கள் விதையைப் பற்றிப் பேசினார்கள், உரத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்குக் கிடைத்த தலைப்பு மரச் சில்லு. "என்ன வாத்தியாரே, எல்லாருக்கும் பழத்தைக் கொடுத்துவிட்டு உங்களுக்குக் கட்டையைக் கொடுத்துவிட்டார்களே" என்று வாசலில் ஒரு நண்பர் கேலி செய்தார். (சிரிப்பு) கட்டைதான். ஆனால் அந்தக் கட்டையை நம்பித்தான் என் வீட்டுக் கத்தரியும் மிளகாயும் பல ஆண்டுகளாகக் காய்க்கின்றன. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

மரச் சில்லு என்றால் என்ன? சாலையோர மரத்தின் கிளையை வெட்டுகிறார்கள். அதை ஓர் இயந்திரத்தின் வாயில் கொடுக்கிறார்கள். காதைப் பிளக்கும் சத்தம். மறுபக்கம் விரல் நீளத் துண்டுகளாக வந்து விழுகிறது. இலை, பட்டை, கட்டை மூன்றும் அதில் கலந்திருக்கும். அதுதான் சில்லு. தச்சுப் பட்டறையில் கிடைக்கும் மரத்தூள் வேறு. அலங்காரத்திற்காகச் சாயம் ஏற்றி மூட்டையில் விற்கும் சிவப்புத் துண்டுகள் வேறு. நான் பேசுவது நம் தெருவில் வெட்டும் மரத்தின் சில்லைப் பற்றி.

கிளைகள் எங்கே போகின்றன?

நம் ஜார்ஜ்டவுன் மர நிழலில் வளர்ந்த நகரம். பழைய சாலைகளில் அங்சானா நிற்கிறது, தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. இவை வேகமாக வளரும் மரங்கள். மின்கம்பியைத் தொடும், கூரை மேல் சாயும். ஆகவே வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய கிளை லாரியில் ஏறுகிறது. பிறகு அது எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

ஜெலுத்தோங் குப்பை மேட்டை அறியாத பினாங்குவாசி இல்லை. கட்டட இடிபாடுகளும் மரக்கிளை போன்ற தோட்டக் கழிவுகளும் ஆண்டுக்கணக்காகக் கொட்டப்பட்ட இடம் அது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அங்கே தீப்பிடித்தது. ஒரே நாளில் அணைந்துவிடவில்லை. குப்பை மேட்டுத் தீ மேலே பார்த்தால் புகைதான், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். சுற்றுவட்டாரப் பள்ளிகளை மூடினார்கள். குடும்பங்கள் நிவாரண மையத்துக்குப் போயின. அதற்கு மூன்று மாதம் முன்பு, அதே ஆண்டு ஜனவரியில், செபராங் பிறையில் உள்ள பூலாவ் பூரோங் குப்பை மேட்டிலும் தீ. நம் தீவின் வீட்டுக் குப்பை போய்ச் சேரும் இடம் அதுதான்.

அந்த ஏப்ரலில் என் பேத்தி இருமிக்கொண்டே கேட்டாள்: "தாத்தா, என்ன எரியுது?" நான் என்ன பதில் சொல்வது? நாம் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதெல்லாம் எரிகிறது, அம்மா என்றேன். அதில் மரமும் இருந்திருக்கும். மண்ணுக்குப் போயிருந்தால் உணவாகியிருக்கும். மேட்டுக்குப் போனதால் புகையாகிவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு என் கதையைக் கேளுங்கள்.

நான் செய்த முதல் தவறு

2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைப் புயல்மழை புரட்டிப் போட்டது. ஏழு உயிர்கள் போயின. நூற்றுக்கணக்கான மரங்கள் விழுந்தன. எங்கள் தாமானின் முனையிலும் ஓர் அங்சானா சாய்ந்தது. சில நாள் கழித்து வெட்ட வந்தவர்கள் இயந்திரத்தோடு வந்தார்கள். "இந்தச் சில்லை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "கொட்டத்தான் போகிறோம், உங்களுக்கு வேண்டுமா?" என்றார்கள். இலவசம் என்றால் விடுவோமா? "கொட்டுங்கள்" என்றேன். அரை லாரி சில்லு வந்து வாசலில் இறங்கியது. காரை வெளியே எடுக்க முடியவில்லை. என் வீட்டுக்காரம்மா என்ன சொன்னார் என்பதை இந்த மேடையில் சொல்ல முடியாது. (சிரிப்பு)

எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளித் தோட்ட அறிவு. எருவைக் கொத்தி மண்ணில் கலப்பதுபோல, சில்லையும் கொத்தி மண்ணில் கலந்தேன். இரண்டு பாத்தி முழுவதும் கலந்தேன். அதில் மிளகாய், கத்தரி, சாவிக் கீரை நட்டேன். மூன்றாம் வாரத்தில் கீழ் இலை மஞ்சளாகியது. ஆறாம் வாரத்தில் செடி முழுவதும் வெளுத்து, முழம் உயரத்திலேயே நின்றுவிட்டது. தண்ணீர் போதவில்லையோ என்று மேலும் ஊற்றினேன். இன்னும் மோசமாயிற்று.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். கெடாவில் ஒரு தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மாலையில் வேலியோரம் நின்று என் பாத்தியைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு நாள் நானே கேட்டேன். "ஐயா, என்ன தப்பு செய்தேன்?" அவர் சொன்னார்: "வாத்தியாரே, காட்டிலே மரம் விழுந்தா அதை யாரு குழி தோண்டிப் புதைக்கிறாங்க? மேலேயே கிடக்குது, மேலேயே மக்குது. நீங்க ஏன் புதைச்சீங்க?"

முப்பது ஆண்டு பாடம் நடத்திய எனக்கு அன்று ஒரு வரியில் பாடம் நடந்தது.

மண்ணுக்குள் நடந்தது என்ன?

பிறகு படித்துப் பார்த்தேன். பெரியவர் சொன்னதற்கு விளக்கம் கிடைத்தது. கட்டையை மக்கச் செய்வது மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும். அவற்றுக்குக் கார்பனும் வேண்டும், தழைச்சத்து என்கிற நைட்ரஜனும் வேண்டும். ஏறக்குறைய 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் அவை நிம்மதியாக வேலை செய்யும். ஆனால் மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 400 பங்கு கார்பன் இருக்கிறது. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், வேலையாளுக்கு அண்டா நிறையச் சோறு வைத்துவிட்டுக் குழம்பு ஒரு சொட்டு ஊற்றிய கதை. அவன் என்ன செய்வான்? பக்கத்து இலையில் கை வைப்பான். நுண்ணுயிரும் அப்படித்தான். மண்ணில் செடிக்காக இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. செடி பட்டினி கிடக்கிறது, இலை மஞ்சளாகிறது.

சில்லை மண்ணுக்கு மேலே பரப்பினால் இந்தச் சண்டை, மண்ணும் சில்லும் தொடும் அந்த மெல்லிய மேற்பரப்பில் மட்டுமே நடக்கிறது. செடியின் வேர் அதற்குக் கீழே இருக்கிறது. அதைத் தொடுவதில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை அறிஞர் லிண்டா சால்கர்-ஸ்காட் இதைத்தான் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லி வருகிறார். மேலே போட்டால் மருந்து, உள்ளே புதைத்தால் பட்டினி. என் உரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்பரப்பில் தழைச்சத்து குறைவதிலும் ஒரு நன்மை உண்டு. அங்கே முளைக்கப் பார்க்கும் களை விதைக்கும் சாப்பாடு இல்லை!

இது நமக்குப் புதிதா?

தமிழில் இதற்கு அழகான ஒரு சொல் உண்டு. மூடாக்கு. மண்ணை நிர்வாணமாக விடாமல் இலை, தழை, வைக்கோல் கொண்டு மூடி வைப்பது. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் தமிழக ஊர் ஊராகச் சென்று பேசிய செய்திகளில் இதுவும் ஒன்று.

தமிழகம் வரை போக வேண்டாம். நம் அப்பாவும் தாத்தாவும் வேலை செய்த தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டங்களின் தொடக்க காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு மரத்தடியில் ஒரு புல் இருக்கக் கூடாது. துடைத்த தரைபோல இருக்க வேண்டும். நம்மவர்கள் குனிந்த முதுகு நிமிராமல் கொத்தினார்கள். பலன் என்ன? பெய்த மழையில் சரிவுகளின் மேல்மண் ஓடையில் கரைந்து போயிற்று. பிறகுதான் புத்தி வந்து, மரங்களுக்கு இடையே பியூரேரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா போன்ற மூடுகொடிகளை வளர்த்தார்கள்.

செம்பனைத் தோட்டத்தைப் பாருங்கள். வெட்டிய மட்டையை வரிசைக்கு நடுவே அடுக்குகிறார்கள். ஆலையில் பழம் எடுத்தபின் மிஞ்சும் வெற்றுக் குலையை மரத்தைச் சுற்றிப் பரப்புகிறார்கள். பழைய மரங்களை அழித்து மறுநடவு செய்யும்போது ஒரு காலத்தில் தீ வைத்தார்கள். கோல்டன் ஹோப் நிறுவனம் 1989ஆம் ஆண்டு எரிக்காத முறையைத் தொடங்கியது. மரத்தைச் சாய்த்து, சீவித் துண்டாக்கி, அங்கேயே மக்க விட்டார்கள். அதற்காக 1992ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது கிடைத்தது. நாலாயிரம் ஏக்கரில் செய்ய முடிந்ததை நாலடி பாத்தியில் செய்ய முடியாதா?

நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும்

பினாங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை. ஆனால் அது கணக்காகப் பிரித்துப் பெய்வதில்லை. செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். ஜனவரி, பிப்ரவரியில் வெயில் காய்ந்து எடுக்கும். வெறும் மண்ணில் கனமழை விழுந்தால் என்ன ஆகிறது? துளி ஒவ்வொன்றும் சுத்தியல். மண்ணை அடித்து இறுக்குகிறது. மறுநாள் வெயிலில் அது ஓடுபோலக் காய்கிறது. மண் தெறித்துக் கீழ் இலையில் ஒட்டுகிறது. மண்ணில் உள்ள நோய்க்கிருமியும் அதோடு ஏறுகிறது. தக்காளியும் மிளகாயும் கீழிருந்து கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில்லு பரப்பினால் அடியை அது வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் மெல்லக் கீழே இறங்குகிறது. மதிய வெயிலில் மண் கொதிப்பதில்லை. ஈரம் தங்குகிறது.

இதை நான் கண்ணால் கண்ட நாள் ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டு ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் நீர் விநியோகம் நிறுத்தப்பட்டதே, நினைவிருக்கிறதா? சுங்கை துவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றும் வேலைக்காக முன்கூட்டியே அறிவித்துச் செய்தார்கள். வீட்டில் இருக்கிற வாளி, தொட்டி, குடம் எல்லாம் நிரப்பி வைத்தோம். குடிக்க, சமைக்க, குளிக்க என்று கணக்குப் போட்டதில் தோட்டத்துக்கு மிஞ்சியது அரிசி கழுவிய தண்ணீர் மட்டும். அப்போது என்னிடம் இரண்டு பாத்தி. ஒன்றில் கீரை விதைத்து முளை வந்திருந்தது, சில்லு போடவில்லை. இன்னொன்றில் கத்தரி, மிளகாய், வெண்டை, இரண்டங்குலம் சில்லு. மூன்றாம் நாள் மாலை கீரை தலை சாய்ந்துவிட்டது. சில்லு போட்ட பாத்தியில் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே மண் குளிர்ச்சியாக இருந்தது. ஐந்தாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தபோது கத்தரி பூத்திருந்தது.

எப்படிப் போடுவது?

முதலில் களையை எடுங்கள். குறிப்பாகக் கோரை, லாலாங். இந்த இரண்டும் சில்லைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கிழங்கோடு தோண்டி எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, மண்ணுக்குச் சாப்பாடு போடுங்கள். சில்லு உரம் அல்ல, அது போர்வை. மக்கிய உரமோ, நன்கு ஆறிய கோழி எருவோ ஓர் அங்குலம் பரப்பி, அதற்கு மேலே சில்லு போட வேண்டும். போர்வை போர்த்தினால் பசி தீருமா? தீராது.

மூன்றாவது, மண்ணை நன்றாக நனைத்துவிட்டுப் போடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் காய்ந்த சில்லைப் போட்டால், லேசான தூறலைச் சில்லே குடித்துவிடும், வேருக்குப் போகாது.

நான்காவது, கனம். காய்கறிப் பாத்திக்கு இரண்டு அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர் போதும். நடைபாதைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் போடலாம். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள பாத்திக்கு 5 சென்டிமீட்டர் போட 100 லிட்டர் சில்லு வேண்டும். பெரிய அரிசிச் சாக்கில் இரண்டு சாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை லாரி வாங்கி என்னைப்போல் திட்டு வாங்காதீர்கள்.

ஐந்தாவது, தண்டை ஒட்டிப் போடாதீர்கள். இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். தண்டைச் சுற்றிக் குவித்தால் ஈரத்தில் பட்டை அழுகும்.

ஆறாவது, விதை போடும் பாத்தியில் சில்லு வேண்டாம். கீரை, சாவி, முள்ளங்கி விதைத்தால் முளைத்து ஒரு சாண் வளரட்டும், பிறகு வரிசைக்கு நடுவே தூவுங்கள். நாற்று நடுகிற செடிக்கும், நீண்ட நாள் நிற்கிற மஞ்சள், இஞ்சி, செராய், கறிவேப்பிலை, முருங்கைக்கும் இது மிகப் பொருத்தம்.

ஏழாவது, அறுவடைக்குப் பின் மறு நடவுக்குச் சில்லைக் கொத்திக் கலக்கக் கூடாது. கையால் ஒதுக்குங்கள், குழி எடுங்கள், நடுங்கள், மறுபடி மூடுங்கள். நான் செய்த தவறை நீங்கள் ஓராண்டு கழித்துச் செய்துவிடக் கூடாது!

புதுச் சில்லா, பழையதா? பாதைக்குப் புதிது போதும். பாத்திக்கு மூன்று நான்கு மாதம் கிடந்து கறுத்தது நல்லது. எந்தக் கிளை நல்லது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், லாவால் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்கள் 7 சென்டிமீட்டருக்கும் குறைவான பருமன் உள்ள கிளைகளைத்தான் பரிந்துரைத்தார்கள். இளங்கிளையில்தான் சத்து அதிகம். அடிமரம் வெறும் கட்டை. நமக்கு இன்னொரு வரமும் உண்டு. அங்சானா வேங்கை மரத்துக்கு உறவு. அதுவும் தூங்குமூஞ்சியும் அவரைக் குடும்பத்து மரங்கள். இலையோடு சேர்த்து நறுக்கிய சில்லு என்றால் வெறும் கட்டையைவிடச் சீக்கிரம் மக்கும்.

கரையான் வராதா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்வி. மரம் என்றாலே கரையான் நினைவு வரும் ஊர் இது. பாத்தியில் மெல்லியதாகப் பரப்பிய சில்லு கரையானுக்குப் பெரிய விருந்து அல்ல. ஆபத்து எங்கே என்றால், சில்லை வீட்டுச் சுவரோடு ஒட்டிக் குவித்து வைப்பதில். அங்கே ஈரமும் இருட்டும் கிடைக்கிறது. கரையான் மறைந்து ஏற வழி கிடைக்கிறது. ஆகவே சுவரிலிருந்து ஓர் அடி தள்ளியே போடுங்கள். மரத்தூண், மரக்கதவு பக்கம் வேண்டவே வேண்டாம்.

கரையானைவிட எனக்குப் பெரிய கவலை காண்டாமிருக வண்டு. தென்னங்குருத்தைத் துளைக்கும் அந்தக் கொம்பு வண்டு மக்கும் கட்டையிலும் எருக்குவியலிலும்தான் முட்டையிடும். நான் மிச்சச் சில்லைப் பின்கொல்லையில் ஆறு மாதம் குவித்து வைத்தேன். கிளறிப் பார்த்தால் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. பக்கத்து வீட்டில் இரண்டு தென்னை. என்னால் அவர்களுக்கு வினை வந்திருக்கும். அன்றே புழுவைப் பொறுக்கி எடுத்து, குவியலைக் கலைத்துப் பரப்பினேன். குவித்து வைத்தால் வண்டு, பரப்பி வைத்தால் பாத்தி. இதுதான் விதி. பழையதாக்க வேண்டும் என்றால் முழங்கால் உயரத்துக்கு மேல் குவிக்காதீர்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிளறுங்கள்.

குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடினால் அதன் மடிப்பில் மழைநீர் தேங்கும். டிங்கிக் கொசுவுக்கு அது போதும். எலியும் குடியேறும். ஆகவே கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்து பூஞ்சணம் பிடித்த சில்லைக் கிளறும்போது தூசி பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் அணிவது நல்லது. குவியலின் உள்ளேயிருந்து புளித்த வாடை வந்தால் உடனே செடிக்குப் போடாதீர்கள். காற்று இல்லாமல் புளித்திருக்கிறது, இளஞ்செடியைக் கருக்கிவிடும். இரண்டு மூன்று நாள் விரித்து ஆற விடுங்கள்.

சில்லின் மேல் காளான் முளைக்கும். பயப்பட வேண்டாம், மக்குகிறது என்பதற்கு அடையாளம். ஆனால் தயவுசெய்து அதைப் பறித்துச் சமைத்துவிடாதீர்கள். (சிரிப்பு) மழைக்காலத்தில் நத்தை ஒளியும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள், கை உறையோடு.

வாங்கக் கூடாத சில்லும் உண்டு. பழைய வீட்டுப் பலகை, பலகைத் தட்டு, பிளைவுட் ஆகியவற்றை நறுக்கியது வேண்டாம். கரையான் அரிக்காமலிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரமாக அது இருக்கலாம். சாப்பிடும் செடிக்கு அடியில் அது போகக் கூடாது. வேரழுகல் நோய் வந்து செத்த மரத்தின் சில்லும் வேண்டாம். "இந்த மரத்தை ஏன் வெட்டினீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள்

"எங்களுக்கு மண்ணே இல்லையே சார்" என்று அடுக்குமாடி வீட்டு நேயர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பூந்தொட்டியில் மிளகாய் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? தொட்டி மண் தரையைவிட வேகமாகக் காயும். அதன் மேல் ஓர் அங்குலம் சில்லு தூவுங்கள். சில்லு கிடைக்காவிட்டால் காய்ந்த இலை போதும், நறுக்கிய தேங்காய் மட்டை போதும். மரம்தான் வேண்டும் என்பதில்லை, மூடாக்கு வேண்டும் என்பதுதான் செய்தி.

யாரைக் கேட்பது?

நிறைவாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் பினாங்கில் குப்பையை வீட்டிலேயே பிரிக்கும் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அமலாக்கம் வந்தது. அப்போது முணுமுணுத்தோம். பிறகு பழகிக்கொண்டோம். போத்தலையும் காகிதத்தையும் பிரிக்கக் கற்ற நாம், கிளையையும் இலையையும் இன்னும் குப்பை என்றே நினைக்கிறோம். சிலர் பின்கொல்லையில் தீ வைக்கிறார்கள். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். சட்டத்தைவிடப் பெரியது பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சு.

உங்கள் தெருவில் மரம் வெட்ட வருகிறார்கள் என்றால் வெளியே போய் நில்லுங்கள். "சில்லு இரண்டு சாக்கு கிடைக்குமா?" என்று கேளுங்கள். எல்லாரும் தரமாட்டார்கள். இயந்திரமே இல்லாமல் கிளையை அப்படியே ஏற்றிப் போகிறவர்களும் உண்டு. கேட்பவர் ஒருவர் என்றால் அது வேண்டுகோள். தாமானில் ஐம்பது வீடு சேர்ந்து கேட்டால் அது தேவை. கிளைகளை நறுக்கிக் குடியிருப்பாளர்களுக்குக் கொடுக்க ஓர் இடம் ஒதுக்குங்கள் என்று குடியிருப்போர் சங்கத்தின் வழியாக மாநகர் கழகத்திடம் எழுதுவோம். தமிழ்ப்பள்ளித் தோட்டங்கள் இருக்கின்றன, கோயில் நந்தவனங்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் சேர்த்துக் கேட்போம். லாரி ஜெலுத்தோங் பக்கம் போகிற வழியில்தானே நாம் இருக்கிறோம்?

வீடு திரும்பியதும் ஒரே ஒரு பாத்தியில் தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்துச் சில்லை ஓரமாக ஒதுக்கி அடியில் பாருங்கள். மண் கறுத்திருக்கும். வெள்ளை நூல்போலப் பூஞ்சை ஓடியிருக்கும். மண்புழு நெளியும். நான் அப்படி முதன்முதலில் ஒதுக்கிப் பார்த்த அன்று எதிர்வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். "இப்பத்தான் வாத்தியாரே, காட்டு மண் வாசனை வருது" என்றார். அவர் இப்போது நம்மிடையே இல்லை. அவர் வீட்டுக் கொல்லைக்கும் அன்று இரண்டு சாக்குக் கொடுத்தேன். அங்கே இன்றும் கறிவேப்பிலை செழித்து நிற்கிறது.